மறுப்புக்கு இடமில்லாத வினாவிடைப் போட்டி: கேள்வி தயாரிப்பவருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் ஒரு வாசிகசாலையின் ஆண்டு விழாவில் பொது அறிவுப் போட்டிக்குக் கேள்வி கேட்கும் பொறுப்பை நான் முதன்முதலாக ஏற்ற அன்று, ஐந்தாவது கேள்வியிலேயே போட்டி நின்றுபோயிற்று. "உலகின் மிக நீளமான ஆறு எது?" என்று கேட்டிருந்தேன். என் தாளில் நைல் என்று எழுதியிருந்தது. பின்வரிசை அணியிலிருந்த மாணவி ஒருவர் எழுந்து, "சேர், அமேசன்தான் நீளம் என்று பிரேசில் ஆய்வாளர்கள் 2007இலேயே சொல்லிவிட்டார்களே" என்றார். நைலுக்கு ஏறத்தாழ 6,650 கிலோமீற்றர் என்று பாடநூல்கள் கூறுவதும், அமேசனின் தோற்றுவாயை எங்கே வைப்பது என்பதைப் பொறுத்து அதன் நீளம் மாறுவதும் எனக்கு அன்று தெரிந்திருக்கவில்லை. பத்து நிமிட வாக்குவாதத்துக்குப் பிறகு இரு அணிகளுக்கும் புள்ளி வழங்கினோம். மற்ற அணிகள் முகத்தைத் திருப்பிக்கொண்டன.

அன்றிலிருந்து மட்டக்களப்பிலும் அம்பாறை மாவட்டத்தின் கரையோர ஊர்களிலும் பல போட்டிகளுக்குக் கேள்வி தயாரித்திருக்கிறேன். கேள்வியை எழுதுவதற்கு ஆகும் நேரத்தைவிட, அதன் விடையை நானே எதிர்த்து வாதாடிப் பார்ப்பதற்குத்தான் அதிக நேரம் செலவாகிறது. கீழே வரும் படிகள் அந்த வழக்கத்திலிருந்து பிறந்தவை. புவியியல், இசை, உணவு, சாதனைகள், எழுத்துச் சரிமை என்னும் ஐந்து சுற்றுகளைக் கொண்ட ஒரு போட்டியை மனத்தில் வைத்து எழுதுகிறேன்.

படி 1: யார் வருகிறார்கள் என்று கேட்டறிதல்

புலமைப்பரிசில் பரீட்சைக்குத் தயாராகும் பிள்ளைகளுக்கும், விளையாட்டுக் கழக இளைஞர்களுக்கும், ஓய்வுபெற்ற ஆசிரியர்களுக்கும் ஒரே தாளைக் கொடுக்க இயலாது. அழைப்பிதழ் அச்சாகும் முன்பே வயதையும் அணியின் எண்ணிக்கையையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். நம் பக்கத்தில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஓர் ஊரின் எல்லையில் தமிழர் குடியிருப்பும் அடுத்த தெருவில் முஸ்லிம் குடியிருப்பும் இருக்கும். ஒரே மேசையில் கல்முனைப் பிள்ளையும் காரைதீவுப் பிள்ளையும் அமரலாம். ஒரு சமயத்தாரின் வழிபாட்டு விவரத்தை மட்டும் அறிந்தவருக்குச் சாதகமான கேள்விகள் மூன்று நான்கு சேர்ந்துவிட்டால், போட்டி தொடங்கும் முன்பே ஓர் அணி தோற்றுவிடும். கலப்பு ஊர்களில் வெள்ளிக்கிழமை நண்பகலை ஒதுக்கிவிட்டு நேரம் குறிப்பதும் இதே கணக்கில் சேரும்.

கேட்கக் கூடாத கேள்விகளும் உள்ளன. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை இவ்விரு மாவட்டங்களின் கரையையும் கடுமையாகத் தாக்கியது. அதில் எத்தனை பேர் இறந்தனர் என்பதைப் புள்ளிக்குரிய கேள்வியாக்கிய தாள் ஒன்றை நான் கண்டிருக்கிறேன். அந்த மண்டபத்தில் உறவுகளை இழந்தவர்கள் இருந்திருப்பார்கள். போர்க்காலத்துக்கும் இதே கட்டுப்பாட்டை வைத்திருக்கிறேன்.

படி 2: வடிவத்தையும் நேரத்தையும் முடிவு செய்தல்

சுற்றுக்கு எட்டுக் கேள்விகள் வீதம் நாற்பது கேள்விகள் போதுமானவை. கேள்விக்கு ஒரு நிமிடம், ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் தாள் திருத்த ஆறேழு நிமிடங்கள் என்று வைத்தால் ஒன்றேகால் மணி நேரம் ஆகும். வரவேற்புரையும் பரிசளிப்பும் சேர்ந்தால் இரண்டு மணி நேரத்தை நெருங்கும். அதற்கு மேல் கூட்டம் இருக்காது.

ஒரு அணிக்குத் தெரியாவிட்டால் கேள்வி அடுத்த அணிக்குச் செல்லும் வாய்மொழி முறையை நான் விரும்புவதில்லை. எந்த நாற்காலியில் அமர்ந்தோம் என்பதே அதில் பாதி வெற்றியைத் தீர்மானித்துவிடுகிறது. எல்லா அணிகளும் ஒரே நேரத்தில் ஒரே கேள்விக்கு எழுத்தில் விடை தரும் முறையே நேர்மையானது. எழுத்துச் சரிமைச் சுற்றுக்கு வேறு வழியும் இல்லை.

படி 3: புவியியல் சுற்று

பொது அறிவுக் கேள்விகளில் மிக எளிதாகக் கிடைப்பதும் மிக எளிதாகப் பழுதாவதும் புவியியல்தான். "மிக", "முதல்", "ஒரே" என்னும் சொற்கள் வரும் இடத்தில் எல்லாம் சிவப்பு மையால் வட்டமிடுங்கள். உலகின் மிக உயரமான மலை எவரெஸ்ட் என்பது கடல்மட்டத்திலிருந்து அளக்கும்போது மட்டுமே உண்மை. 2020இல் நேபாளமும் சீனாவும் சேர்ந்து அறிவித்த உயரம் 8,848.86 மீற்றர். அடியிலிருந்து நுனிவரை அளந்தால், கடலுக்கு அடியில் தொடங்கும் ஹவாய்த் தீவின் மௌனா கேயா 10,000 மீற்றரைத் தாண்டும். பூமியின் மையத்திலிருந்து அளந்தால், நிலநடுக்கோட்டருகே பூமி சற்றுப் புடைத்திருப்பதால், எக்குவடோரின் சிம்பொராசோ முந்திக்கொள்ளும். "கடல்மட்டத்திலிருந்து" என்ற ஒரு சொல்லைச் சேர்த்துவிட்டால் மூன்று வாக்குவாதங்களும் எழாமலே அடங்கிவிடும். மிகப் பெரிய பாலைவனம் என்று கேட்டுச் சகாராவை விடையாக வைத்திருப்பவர்களும் "வெப்பப் பாலைவனம்" என்று திருத்திக்கொள்ள வேண்டும். மழை மிகக் குறைந்த நிலம் என்ற வரைவிலக்கணத்தின்படி அந்தாட்டிக்காதான் பெரிய பாலைவனம்.

தலைநகரக் கேள்விகள் மனப்பாடத்தை மட்டும் சோதிக்கின்றன என்று குறை கூறுவார்கள். கேட்கும் முறையை மாற்றினால் அந்தக் குறை நீங்கிவிடும். "அவுஸ்திரேலியாவின் தலைநகரம் எது?" என்பதற்குப் பதிலாக, "சிட்னியும் மெல்பனும் தலைநகர் தகுதிக்குப் போட்டியிட்டதால், 1908இல் இடம் தெரிவுசெய்யப்பட்டுப் புதிதாகக் கட்டப்பட்ட தலைநகரம் எது?" என்று கேளுங்கள். கன்பராவை மறந்தவருக்கும் ஒரு பிடி கிடைக்கும். இவ்வாறு கட்டப்பட்ட தலைநகரங்கள் வேறும் உள்ளன: பிரேசில் 1960இல் பிரசிலியாவுக்கும், நைஜீரியா 1991இல் அபுஜாவுக்கும் தலைநகரை மாற்றின. பழைய நூலை நம்பிக் கேள்வி எழுதுபவர்களுக்குக் கசகஸ்தான் ஒரு பாடம். அதன் தலைநகரம் 2019இல் அஸ்தானாவிலிருந்து நூர்சுல்தான் ஆனது. 2022இல் மீண்டும் அஸ்தானா ஆகிவிட்டது. இடைப்பட்ட காலத்தில் அச்சான தாள்கள் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கின்றன.

உள்ளூர்க் கேள்விகள் இல்லாத புவியியல் சுற்றுக்கு உயிர் இருக்காது. ஆனால் உள்ளூர்க் கேள்வியில்தான் எதிர்ப்பும் அதிகம், ஏனெனில் மண்டபத்தில் எல்லோரும் நிபுணர்கள். எனக்கு மிகப் பிடித்த கேள்வி இது: "மட்டக்களப்பு வாவியின் ஒரு பக்கத்துக்கு எழுவான்கரை என்றும் மறுபக்கத்துக்குப் படுவான்கரை என்றும் பெயர் வந்தது ஏன்?" ஞாயிறு எழும் கிழக்குப் பக்கம் எழுவான், அது படும் மேற்குப் பக்கம் படுவான். பிறந்தது முதல் அப்பெயர்களைச் சொல்லிவந்தவர்கள்கூட ஒரு கணம் நின்று யோசிப்பதைப் பார்க்கலாம். மட்டக்களப்புக் கோட்டையை ஒல்லாந்தர் கோட்டை என்றே பலரும் அழைப்பதால், அதைக் கட்டியவர் யார் என்று கேட்டால் பாதி அணிகள் இடறும். 1628இல் போர்த்துக்கேயர் கட்டினர், 1638இல் ஒல்லாந்தர் கைப்பற்றினர். கல்லடிப் பழைய பாலம் 1924இல் திறக்கப்பட்டு, அப்போதைய ஆளுநரின் மனைவியின் பெயரால் லேடி மனிங் பாலம் என்று அழைக்கப்பட்டது என்பதும் தயக்கமின்றிக் கேட்கத்தக்கது.

எச்சரிக்கை தேவைப்படும் இரண்டு இடங்களையும் சொல்லிவிடுகிறேன். சுவாமி விபுலாநந்தர் எந்த மாவட்டத்தில் பிறந்தார் என்று கேட்காதீர்கள். அவர் 1892இல் காரைதீவில் பிறந்தபோது அது மட்டக்களப்பைச் சேர்ந்திருந்தது; 1961இல் அம்பாறை தனி மாவட்டமானபோது காரைதீவு அங்கே சென்றது. இரண்டு விடைகளுக்கும் நியாயம் உண்டு. "எந்த ஊரில் பிறந்தார்?" என்று கேட்டால் சிக்கல் தீர்ந்தது. அடுத்தது, சேனாநாயக்க சமுத்திரம் என்னும் நீர்த்தேக்கத்துக்கு நீர் தரும் ஆறு. கல்லோயா என்று எழுதுபவரும் பட்டிப்பளை ஆறு என்று எழுதுபவரும் ஒரே ஆற்றையே குறிக்கின்றனர். விடைத்தாளில் இரு பெயர்களையும் முன்கூட்டியே எழுதி வைக்காத நடுவர் அன்று வீட்டுக்குத் தாமதமாகத்தான் போவார்.

படி 4: இசைச் சுற்று

இசைச் சுற்று என்றால் திரைப்பாடலின் முதல் வரியைக் கொடுத்துப் பாடியவர் பெயரைக் கேட்பது என்று பலர் எண்ணுகின்றனர். அதற்கு ஒன்றிரண்டு இடங்கள் போதும். இசையின் உள்ளமைப்பிலிருந்து வரும் கேள்விகள் இன்னும் சுவையானவை. கர்நாடக இசையின் மேளகர்த்தா இராகங்கள் எழுபத்திரண்டு; தொடக்கப் பாடங்கள் பயிலும் மாயாமாளவகௌளை அவற்றில் பதினைந்தாவது. ஏழு சுரங்களுக்குத் தமிழிசை மரபில் குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்று பெயர். நான்கு பெயர்களைக் கொடுத்து மீதி மூன்றைக் கேட்டால் உயர்தர மாணவருக்குச் சரியான எடை. பண்டைய யாழ் பற்றிய ஆய்வாக விபுலாநந்தர் எழுதிய யாழ் நூல் 1947இல் வெளிவந்தது. அவர் காலமானதும் அதே ஆண்டில்தான் என்பதால் ஒரு தகவலிலிருந்து இரு கேள்விகளை எடுக்கலாம், ஆனால் ஒரே தாளில் இரண்டையும் வைத்தால் ஒன்று மற்றொன்றுக்கு விடை சொல்லிவிடும்.

"வீணைக்கு எத்தனை தந்திகள்?" என்பது எளிமையாகத் தோன்றி ஏமாற்றும் கேள்வி. மேலே வாசிப்பதற்கு நான்கு, பக்கத்தில் தாளத்துக்கு மூன்று. நான்கு என்றவரும் ஏழு என்றவரும் புள்ளி கேட்பார்கள். "தாளத் தந்திகளையும் சேர்த்து" என்று எழுதுங்கள். பியானோவில் இந்தச் சிக்கல் இல்லை: வெள்ளைக் கட்டைகள் 52, கறுப்புக் கட்டைகள் 36, மொத்தம் 88.

இப்பகுதியின் இசையில் மேடைக்கு வராத செல்வம் நிறைய உண்டு. வடமோடி, தென்மோடி என்னும் கூத்து மரபுகளின் பெயர்களைக் கேட்கலாம். கூத்தைப் பழக்கும் அண்ணாவியார் கையில் இருக்கும் கருவி எது என்று கேட்டு மத்தளத்தை விடையாக வைக்கலாம். முஸ்லிம் ஊர்களில் களிகம்பு என்றும் பொல்லடி என்றும் வழங்கும் கோலாட்டத்தைப் பற்றிக் கேட்கும்போது இரு பெயர்களையும் ஏற்றுக்கொள்ள வேண்டும். மட்டக்களப்பு நகரின் பறங்கியர் குடும்பங்கள் சிலவற்றில் போர்த்துக்கேயக் கலப்பு மொழி இன்றும் ஒலிக்கிறது. நாடெங்கும் திருமண வீடுகளில் ஆடப்படும் பைலாவின் பெயர், ஆடுதல் என்னும் பொருள்படும் போர்த்துக்கேயச் சொல்லிலிருந்து வந்தது என்பதை அதனுடன் சேர்த்துக் கேட்கலாம். தேசிய கீதத்தை எழுதியவர் ஆனந்த சமரக்கோன் என்று எல்லோரும் எழுதுவார்கள். தமிழில் ஆக்கியவர் பண்டிதர் மு. நல்லதம்பி என்று எழுதுபவர் குறைவு. பிந்தியதே நல்ல கேள்வி.

பாடும் மீன்களைப் பற்றி ஒரு சொல். நிலவுள்ள இரவில், வாவியின் நடுவே துடுப்பை நீரில் இறக்கி அதன் மறுமுனையில் காதை வைத்துக் கேட்டால் ஒலி வரும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். அந்த ஒலியை எழுப்புவது மீனா, சிப்பியா, வேறொன்றா என்பது இன்னும் முடிவாகவில்லை. ஆகவே, நமது ஊரின் அடையாளமாகவே இருக்கும் அந்தச் செய்தியை இடைவேளையில் கதையாகச் சொல்லலாம், கேள்வியாக்க முடியாது. எத்தனை முறை ஆசைப்பட்டும் நான் அதைத் தாளில் சேர்த்ததில்லை.

ஒலித்துணுக்கு போடுவதாக இருந்தால் பதினைந்து வினாடி போதும். கைபேசியையும் ஒலிபெருக்கியையும் அதே மண்டபத்தில், மின்விசிறிகள் ஓடும்போது, கடைசி வரிசையில் ஒருவரை நிறுத்திச் சோதித்துப் பாருங்கள்.

படி 5: உணவுச் சுற்று

இந்தச் சுற்றில் அரங்கம் முழுவதும் பங்கெடுக்கும். அடுக்களை அறிவுக்குப் பட்டம் தேவையில்லை. ஒரு கேள்வியை முழுமையாகக் காட்டுகிறேன். "மிளகாய், உருளைக்கிழங்கு, தக்காளி, கத்தரிக்காய்: இவற்றுள் அமெரிக்கக் கண்டங்களிலிருந்து நமக்கு வராதது எது?" விடை கத்தரிக்காய், அது ஆசியாவுக்கே உரியது. மற்ற மூன்றும் கொலம்பஸின் பயணத்துக்குப் பிறகே நம் பக்கம் வந்தன. நான்கும் ஒரே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தவை என்பது கூடுதல் புள்ளிக்கு உதவும். இந்தக் கேள்வியின் சிறப்பு, விடை தெரியாதவரும் ஊகிக்க வழி இருப்பதுதான். மிளகாய் என்ற பெயரே மிளகைத் தன்னுள் வைத்திருக்கிறது. அது வரும்வரை நம் கறிக்கு உறைப்புத் தந்தது மிளகு என்று நினைத்துப் பார்ப்பவர் அதை உடனே நீக்கிவிடுவார். கொச்சிக்காய் என்று வீட்டில் சொல்பவர்கள் அந்தப் பெயருக்குள் ஒரு துறைமுகம் ஒளிந்திருப்பதையும் கவனிக்கலாம். மரவள்ளி, அன்னாசி, பப்பாசி, மரமுந்திரிகை ஆகியவையும் அதே வழியில் வந்தவையே. நம் ஊர் மணலில் செழிக்கும் கஜுவும் வெளிநாட்டுக்காரன்தானா என்று ஒரு மூதாட்டி கேட்டுச் சிரித்தது நினைவிருக்கிறது.

காலையில் கடையில் வாங்கும் பாண் எந்த மொழிச் சொல் என்று கேளுங்கள், போர்த்துக்கேயம். சப்பாத்து, மேசை, அலுமாரி ஆகியவற்றையும் அதே பட்டியலில் சேர்த்துக் கொடுத்தால் விடை எளிதாகிவிடும், ஆகையால் பாணை மட்டும் கொடுங்கள்.

தேயிலையைப் பற்றிய கேள்வியில் சொற்கட்டு முக்கியம். இலங்கையில் 1867இல் லூல்கந்துரைத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலையைப் பயிரிட்டது வணிக நோக்கிலான தொடக்கம். செடி அதற்கு முன்பே பேராதனைத் தோட்டத்துக்கு வந்துவிட்டது. "முதன்முதலில்" என்று மட்டும் எழுதினால் இரண்டாவது தகவலை அறிந்த ஒருவர் நிச்சயம் எழுந்து நிற்பார்.

வட்டிலப்பம் யாருடைய கண்டுபிடிப்பு, நல்ல எருமைத் தயிர் எந்த ஊருடையது போன்றவற்றை விட்டுவிடுங்கள். பின்னதைக் கேட்டால் போட்டி நடக்கும் ஊரின் பெயரே எல்லாத் தாள்களிலும் இருக்கும்.

படி 6: சாதனைச் சுற்று

சாதனைப் பதிவு என்பதே ஒரு வாக்குவாதத்தில் பிறந்தது. 1951இல் அயர்லாந்தில் வேட்டைக்குச் சென்றிருந்த கின்னஸ் மதுபான ஆலையின் நிருவாக இயக்குநர் சேர் ஹியூ பீவர், வேட்டையாடப்படும் பறவைகளில் ஐரோப்பாவில் மிக வேகமானது எது என்று நண்பர்களுடன் வாதிட்டார். எந்த நூலிலும் விடை கிடைக்கவில்லை. அந்தக் குறையை நிரப்பத் தொகுக்கப்பட்ட நூல் 1955இல் வெளிவந்தது.

சாதனைகளுக்குக் காலாவதி உண்டு. ஒருநாள் கிரிக்கெட்டில் அதிக ஓட்டங்கள் எடுத்த அணி இலங்கை என்று நீண்ட காலம் சரியாக எழுத முடிந்தது. 2006இல் நெதர்லாந்துக்கு எதிராக 443 ஓட்டங்கள். 2016இல் இங்கிலாந்து அதை ஓர் ஓட்டத்தால் முந்தியது; பின்னர் 2022இல் அதே நெதர்லாந்துக்கு எதிராக 498 எடுத்தது. ஆனால் டெஸ்ட் போட்டியில் இலங்கை 1997இல் கொழும்பில் இந்தியாவுக்கு எதிராக எடுத்த 952 ஓட்டங்கள் அசையாமல் நிற்கின்றன. எது அழியும், எது நிலைக்கும் என்று நம்மால் கூற முடியாது. ஆகவே கேள்வியில் ஆண்டைச் சேர்த்துவிடுவதே பாதுகாப்பு. "2009இல் பெர்லினில் 9.58 வினாடியில் 100 மீற்றர் ஓடியவர் யார்?" என்ற கேள்வி, நாளை எவர் அந்த நேரத்தை உடைத்தாலும் பழுதாகாது. முதல் நிகழ்வுகளும் பாதுகாப்பானவை: 1960இல் உலகின் முதல் பெண் பிரதமரான சிறிமாவோ பண்டாரநாயக்கவை அந்த இடத்திலிருந்து எவராலும் நகர்த்த முடியாது.

மிகவும் நுட்பமான எடுத்துக்காட்டு சுசந்திகா ஜயசிங்க. 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் 200 மீற்றரில் அவர் கழுத்தில் விழுந்தது வெண்கலம். முதலிடம் பெற்ற மரியன் ஜோன்ஸ் ஊக்கமருந்துக் குற்றத்துக்காகப் பதக்கத்தை இழந்த பின்னர், 2009இல் ஒலிம்பிக் குழு அவருக்கு வெள்ளியை உரித்தாக்கியது. "என்ன பதக்கம்?" என்று கேட்டால் இரண்டும் ஒரு வகையில் சரி. "1948 ஒலிம்பிக்கில் டங்கன் வைட் வென்ற அதே நிறப் பதக்கம் பின்னர் எந்த இலங்கை வீராங்கனைக்கு உரித்தாயிற்று?" என்று திருப்பினால் விடை ஒன்றே ஒன்று.

படி 7: எழுத்துச் சரிமைச் சுற்று

ஆங்கிலத்தில் எழுத்துக்கூட்டல் போட்டி நடத்துவது போலத் தமிழில் நடத்த இயலாது. தமிழ்ச் சொல்லைச் சரியாக உச்சரித்தாலே பெரும்பாலும் எழுத்துத் தெரிந்துவிடும். நமக்குரிய சோதனை ல, ள, ழ, ர, ற, ந, ன, ண ஆகிய இடங்களில்தான் உள்ளது. நம் பேச்சில் பலர் ழகரத்தையும் ளகரத்தையும் பிரித்து ஒலிப்பதில்லை. கேள்வி கேட்பவர் அழுத்தி உச்சரித்தால் விடையைக் கொடுத்தவராவார். வழக்கப்படி உச்சரித்தால் வழிதவறச் செய்தவராவார். ஆகவே சொல்லைச் சொல்லாமல் பொருளைச் சொல்லி எழுதச் செய்வதே என் முறை.

"ஆற்றின் மறுபக்கத்தைக் குறிக்கும் சொல்லையும், ஒரு செயலில் ஒருவர் காட்டும் ஈடுபாட்டைக் குறிக்கும் சொல்லையும் எழுதுக." முதலாவது அக்கரை, இரண்டாவது அக்கறை. அக்கரைப்பற்றிலிருந்து வந்த அணிக்கு முதலாவது இலவசம் என்று யாராவது முறையிடக்கூடும். அந்த அணி அங்கே இல்லாத நாளாகப் பார்த்துக் கேளுங்கள். உலவு, உளவு, உழவு என்ற மூன்றையும் "காற்று வாங்க நடத்தல், ஒற்றறிதல், வயலில் முதல் வேலை" என்று கேட்கலாம். வலி, வளி, வழி என்ற மூன்றும் அவ்வாறே. தேநீருக்கும் தேனீருக்கும் உள்ள வேறுபாடு உணவுச் சுற்றிலும் பொருந்தும்: முன்னது நாம் குடிப்பது, பின்னது தேன் கலந்த நீர்.

பிழையைத் திருத்தும் கேள்விகளுக்கு உறுதியான சொற்களையே தெரிவு செய்யுங்கள். சுவற்றில் என்பது சுவரில். பதட்டம் என்பது பதற்றம். எண்ணை என்பது எண்ணெய். நினைவுகூறுதல் என்பது நினைவுகூர்தல். கடைபிடித்தல் என்பது கடைப்பிடித்தல். இயக்குனர் என்று எழுதியதை இயக்குநர் என்று திருத்துவதும் இந்தப் பட்டியலில் அடங்கும். ஆனால் கருப்பா கறுப்பா, வாழ்த்துகளா வாழ்த்துக்களா, கோயிலா கோவிலா என்பவற்றுக்குப் புலவர்களிடையே இரு கட்சி உண்டு. தமிழாசிரியர் இருவர் நடுவராக இருந்தால் அவர்களுக்குள்ளேயே போட்டி தொடங்கிவிடும்.

தமிழ் எழுத்துகள் எத்தனை என்பதையும் பிள்ளைகளிடம் கேட்கலாம்: உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1, ஆக 247. கிரந்த எழுத்துகளைச் சேர்ப்பதா என்ற கேள்வி வராதிருக்க, "கிரந்த எழுத்துகள் நீங்கலாக" என்று தொடங்குங்கள்.

படி 8: விடையைச் சோதித்தல்

ஒவ்வொரு விடைக்கும் ஒன்றையொன்று பார்த்து எழுதாத இரு மூலங்கள் வேண்டும். கைபேசியில் தேடிக் கிடைக்கும் முதல் மூன்று பக்கங்களும் ஒரே கட்டுரையின் பிரதியாக இருப்பதுண்டு. அவற்றை ஒன்றாகவே கணக்கிடுங்கள். பிறகு, கேள்விகளை அறியாத ஒருவரை அழைத்து, விடையைக் காட்டாமல் வாசித்துக் காட்டுங்கள். அவர் சொல்லும் தவறான விடைகளைக் குறித்துக்கொள்ளுங்கள். போட்டியிலும் அவைதான் வரும். ஒவ்வொன்றும் ஏன் தவறு என்று ஒரு வரியில் எழுத முடியாவிட்டால் கேள்வியை மாற்றுங்கள். பத்தில் ஆறு ஏழு கேள்விகளுக்கு அவர் விடை சொன்னால் தாளின் எடை சரியாக உள்ளது.

படி 9: வரிசையும் மேலதிகக் கேள்விகளும்

சுற்றின் முதற்கேள்வி எல்லோருக்கும் தெரிந்ததாகவும், கடினமானது ஆறாவது ஏழாவது இடத்திலும், இறுதிக் கேள்வி சற்று மலர்ச்சி தருவதாகவும் அமையட்டும். சுற்றுக்கு ஒரு மேலதிகக் கேள்வியைக் கையில் வைத்திருங்கள். சமநிலை வந்தால் முடிவு செய்ய எண் கேள்வியே சிறந்தது: "கல்லடிப் பழைய பாலம் எந்த ஆண்டில் திறக்கப்பட்டது?" என்று கேட்டு, நெருங்கிய எண்ணை எழுதிய அணிக்கு வெற்றி. இருவரும் சம தொலைவில் இருந்தால் என்ன செய்வது என்பதையும் அதற்கு முன்பே அறிவித்துவிடுங்கள்.

படி 10: போட்டி நாளில்

கேள்வி கேட்பவரும் நடுவரும் ஒருவராக இருக்கக் கூடாது. தன் கேள்வியைத் தானே காப்பாற்ற முனைபவருக்கு எதிர்ப்பின் நியாயம் காதில் விழாது. இது என் அனுபவம். கேள்வியை இரு முறை, ஒரே சொற்களில் வாசியுங்கள். இரண்டாம் முறை விளக்கம் சேர்க்காதீர்கள். கைபேசிகளை ஒரு பெட்டியில் வாங்கி வைக்க வேண்டும். தாள்களை அணிகள் மாற்றித் திருத்தட்டும். பாதிப் புள்ளி உண்டா, எழுத்துச் சரிமைச் சுற்றைத் தவிர மற்றவற்றில் எழுத்துப்பிழைக்குப் புள்ளி குறையுமா என்பவற்றைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். நான் குறைப்பதில்லை. மின்சாரம் போகும் என்று எண்ணியே ஆயத்தமாகுங்கள்: கேள்விகளும் விடைகளும் அச்சிட்ட தாளில் இருக்கட்டும், மாரி மாதங்களில் திறந்தவெளியை நம்ப வேண்டாம்.

எதிர்ப்பு எழுந்தால் சுற்று முடியும்வரை கேட்டு வைத்துக்கொண்டு, ஐந்து நிமிடத்துக்குள் நடுவர் முடிவு சொல்ல வேண்டும். எதிர்ப்பு சரியானால் அந்த விடை எழுதிய எல்லா அணிகளுக்கும் புள்ளி. கேள்வியே பழுது என்றால் எல்லோருக்கும் அதை நீக்கி மேலதிகக் கேள்வியைக் கேளுங்கள். எதிர்த்தவரை மேடையில் கேலி செய்தால் அடுத்த ஆண்டு அந்த அணி வராது.

படி 11: தாளைப் பாதுகாத்தல்

போட்டி முடிந்த அன்றிரவே ஒவ்வொரு கேள்விக்கும் எத்தனை அணிகள் சரியாக எழுதின என்று அட்டையில் குறித்துவிடுங்கள். எல்லோரும் எழுதியதும் எவரும் எழுதாததும் வேலை செய்யாத கேள்விகள். எழுந்த எதிர்ப்பையும், விடையைக் கடைசியாகச் சரிபார்த்த ஆண்டையும் அட்டையின் பின்புறத்தில் எழுதுங்கள். ஆற்றைப் பற்றிய என் பழைய அட்டையின் பின்புறத்தில் அந்த மாணவி சொன்னது இருக்கிறது, முன்புறத்தில் கேள்வி இப்போது, "மத்தியதரைக் கடலில் கலக்கும், ஆபிரிக்காவின் மிக நீளமான ஆறு எது?" என்றிருக்கிறது. புவியியல் சுற்றின் முதற்கேள்வியாக அதைத்தான் இப்போது கேட்கிறேன்.